சுவர்ப் பக்கம் ஒரு சாய்வு

சனிக்கிழமை காலை தையல் அறையைத் திறந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். முந்தின நாள் சாயங்காலம் தைத்து முடித்து ஆணியில் மாட்டிவிட்டுப் போன கருநீலப் பட்டுக் கவுன் தரையில் கிடந்தது. ஆணியும் அதைச் சுற்றியிருந்த சிமெண்டுப் பூச்சும் சேர்ந்து பெயர்ந்து அதன் மேலேயே விழுந்திருந்தன. தூக்கி உதறினாள். வெள்ளைப் பொடி பறந்தது. ஈரம் அப்படியே இருந்தது. சுவர்த் தண்ணீரில் உப்பு உண்டு. பட்டு அதைக் குடித்துவிட்டால் அந்தக் கறை துணியோடுதான் போகும்.

கவுனைக் கையில் பிடித்தபடியே கூடத்துக்குப் போனாள். அங்கே மூத்தவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அவள் கணவனின் அண்ணன். வீடு அவர் சொல்படிதான் நடக்கும்.

"மாமா, இதைப் பாருங்க. இன்னைக்கு மத்தியானம் இதை எடுக்க ஆள் வருவாங்க. என்ன சொல்லட்டும்?"

அவர் கவுனைப் பார்க்கவில்லை. "நான் சொன்னது நடந்துச்சா இல்லையா? நாலு வருஷமா அந்த ரூம்ல ஆவியை விட்டுட்டிருக்க. சுவர் ஊறிப்போச்சு. கொத்தனாரை வரச் சொல்லியிருக்கேன். இன்னொரு கோட்டு அடிச்சு, ரூமைப் பூட்டிறலாம்."

"பூட்டிட்டு? நான் எங்க தைக்கிறது?"

"அது உன் பாடு. மாசக் கடைசிக்குள்ள மெஷினை எடுத்துரு. அப்பா இருந்த ரூம். அதை இப்படி நாறடிச்சு வச்சிருக்கியே."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் கணவன் டம்ளருக்குள் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டான். அண்ணன் எதிரில் அவன் வாயைத் திறந்தால் அது கொட்டாவிக்காகத்தான் இருக்கும்.

அவளுக்கு உச்சந்தலைவரை சுர்ரென்று ஏறியது. அந்த அறையில்தான் அவளுடைய தையல் மெஷின், வெட்டுமேசை, நீராவி இஸ்திரிப்பெட்டி, தெருவைப் பார்த்த ஜன்னலில் 'தையல்' என்று அவளே எழுதி மாட்டிய அட்டை எல்லாம் இருந்தன. வேறு எந்த அறைக்கும் தெருவிலிருந்து நேராக வர வழி கிடையாது. அறையைப் பூட்டினால் தொழிலையும் பூட்டியதுதான்.

"என் ஆவிதான் காரணம்னு யார் பார்த்தா?" என்றாள்.

"பார்க்க வேற செய்யணுமா? நீ வர்றதுக்கு முன்னாடி இந்த ஈரம் இருந்துச்சா?"

சமையலறையிலிருந்து ஓரகத்தி, அதாவது மூத்தவரின் மனைவி, குரல் கொடுத்தாள். "ஏங்க, அது இஸ்திரிப்பெட்டியா, ரயில் இன்ஜினா? ஒரு சுவரையே நனைக்கிற அளவுக்கு ஆவி விட?"

"நீ அடுப்பைப் பாரு."

"அடுப்பிலயும் ஆவி வருது. இந்தச் சுவர் காஞ்சுதான் கிடக்கு."

மூத்தவர் செய்தித்தாளை மடித்த வேகத்தில் அது ஓரமாகக் கிழிந்தது.

*

அந்தச் சுவரின் கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். அறை வீட்டின் மூலையில் இருந்தது. ஒரு சுவர் தெருவைப் பார்த்தது. இன்னொன்று பக்கத்துச் சந்தைப் பார்த்தது. அதில் ஒரு ஜன்னலும் ஒரு கதவும் உண்டு. சந்து வீட்டுக்குச் சொந்தமானது. ஆள் ஒருவர் கையை விரித்து நடக்கலாம், அவ்வளவு அகலம். அதன் மறு ஓரத்தில் சாக்கடை. ஈரம் சந்துப் பக்கச் சுவரில் மட்டும்தான் இருந்தது.

நான்கு வருடத்துக்கு முன் கல்யாணமாகி வந்தபோது, ஒரு வருடமாகப் பூட்டிக் கிடந்த மாமனாரின் அறையைத் திறந்து தையலுக்கு வைத்துக்கொண்டாள். அப்போதே சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பழுப்பு வரி இருந்தது. அலமாரி மறைத்துக்கொண்டிருந்ததால் வேறு யாரும் பார்க்கவில்லை. அவள் அலமாரியை நகர்த்தினாள், பார்த்தாள், சொன்னாள். சொன்னவள் தலையிலேயே பழி விழுந்தது.

மூத்தவர் கொத்தனாரைக் கூப்பிட்டார். கொத்தனார் பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, நல்ல கெட்டிச் சிமெண்டாகப் பூசி, மேலே தண்ணீர் புகாத பெயிண்டும் அடித்தார். எட்டு மாதத்தில் வரி இடுப்புக்கு வந்தது. "இன்னொரு கோட்டு அடிச்சா நின்னுரும்" என்றார். அடித்தார். மறு வருடம் மார்பளவுக்கு வந்தது. "இன்னொரு கோட்டு" என்றார். அன்றிலிருந்து ஓரகத்தி அவருக்கு இன்னொருகோட்டு என்றே பெயர் வைத்துவிட்டாள்.

பூசப் பூச ஈரம் ஏன் மேலே ஏறியது? தையல்காரிக்கு இது விளங்க அதிக நேரம் ஆகவில்லை. துணியோடு பழகியவர்கள் தண்ணீரை அறிவார்கள். ஒரு துண்டின் நுனியை மட்டும் வாளித் தண்ணீரில் தொடும்படி கொடியில் போட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் நனையாத பகுதியும் ஒரு சாண் உயரத்துக்கு ஈரமாகியிருக்கும். நூல்களுக்கு நடுவே இருக்கிற மெல்லிய சந்துகள் வழியாகத் தண்ணீர் தானாகவே ஏறுகிறது. பழைய செங்கல்லும் சுண்ணாம்பும் அப்படித்தான்: கண்ணுக்குத் தெரியாத கோடி துளைகள். மண்ணிலுள்ள தண்ணீரை உறிஞ்சி மேலே ஏற்றும். ஆனால் சுண்ணாம்புப் பூச்சு மூச்சு விடும். ஏறுகிற தண்ணீர் பாதி வழியிலேயே காற்றில் கலந்து போய்விடும். பருத்திச் சட்டையில் வேர்வை காய்கிற மாதிரி. அதன் மேல் கெட்டிச் சிமெண்டைப் பூசி பெயிண்டும் அடித்தால், மழைக்கோட்டைப் போட்டு வெயிலில் நிறுத்திய கதை. உள்ளே இருக்கிற தண்ணீர் வெளியே வர வழி தேடும். பூச்சு முடிகிற இடம்வரை ஏறி, அதற்கு மேலே தலை நீட்டும். ஒவ்வொரு கோட்டும் ஈரத்துக்கு ஓர் ஏணிப்படி.

இதை அவள் மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "துணி தைக்கிறவளுக்குச் சுவரைப் பத்தி என்ன தெரியும்?" என்பதுதான் ஒவ்வொரு தடவையும் கிடைத்த பதில்.

*

அன்று மத்தியானம் கவுனை எடுக்க வந்த பெண்ணிடம் தலைகுனிந்து நின்றாள். அந்தப் பெண் திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஒன்றும் சொல்லாமல் கவுனை மடித்து வாங்கிக்கொண்டு போனாள். அவள் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தையல்காரி சமையலறைக்குப் போய்ச் சாப்பாடு மூடுகிற அலுமினியத் தாளில் ஒரு துண்டு கிழித்தாள். பூச்சு விழுந்து செங்கல் தெரிந்த இடத்தைத் துணியால் ஒற்றி, மேலாகக் காயவிட்டு, தாளை அதன் மேல் வைத்து, நான்கு ஓரத்தையும் காற்றுப் புகாமல் டேப்பால் ஒட்டினாள்.

இது ரொம்பச் சின்ன சோதனை. அறைக் காற்றில் இருக்கிற ஆவிதான் சுவரில் படிகிறது என்றால், குளிர்ந்த தாளின் வெளிப்புறம் துளிர்க்கும். சுவருக்குள்ளிருந்து ஈரம் வருகிறது என்றால் தாளின் பின்பக்கம் துளிர்க்கும். மூன்று நாள் போதும்.

மூன்று நாள் கழித்துப் பிரித்தாள். பின்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர்.

மூத்தவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒட்டினது யாரு?"

"நான்தான்."

"பின்னாடி தண்ணியைத் தெளிச்சு ஒட்டினா நானும்தான் முத்துமாலை காட்டுவேன்."

அவள் பல்லைக் கடித்தாள். "அப்ப நீங்களே ஒட்டுங்க. உங்க கையால. டேப் மேல கையெழுத்தும் போடுங்க. நான் தொட்டா தெரியும்ல?"

அவரும் விடவில்லை. தானே தாளைக் கிழித்து, தானே ஒட்டி, பேனாவை எடுத்து நான்கு ஓரத்திலும் டேப்புக்கும் சுவருக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். வங்கியில் போடுகிற முழுக் கையெழுத்து.

அந்த மூன்று நாளும் அவள் இஸ்திரிப்பெட்டியை ஓய விடவில்லை. வேண்டுமென்றே செய்தாள். தைத்தது, தைக்காதது, ஜன்னல் திரை, தலையணை உறை, கணவனின் கைக்குட்டை என்று வீட்டில் இருந்த துணியெல்லாம் ஆவியில் வெந்தது. "என் பனியனுக்கு எதுக்கும்மா மடிப்பு?" என்று அவன் கேட்டதற்கு, "உங்க முதுகுலயாவது ஒரு கோடு நேரா நிக்கட்டும்" என்றாள். 

நான்காம் நாள் கொத்தனார் சிமெண்டு மூட்டையோடு வந்துவிட்டார். அவர் முன்னாலேயே மூத்தவர் தன் கையெழுத்தைச் சரிபார்த்தார். கலையவில்லை. தாளின் வெளிப்புறத்தை உள்ளங்கையால் தடவினார். உலர்ந்திருந்தது. பிரித்தார். பின்பக்கத்திலிருந்து தண்ணீர் வழிந்து அவர் மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு ஓடியது.

ஓரகத்தி வாசற்படியில் கரண்டியோடு நின்றாள்.

"சுவருக்குள்ள ஈரம் இருக்குன்னு எனக்குத் தெரியாதா?" என்றார் மூத்தவர் கடைசியில். "நாலு வருஷமா நீ விட்ட ஆவிதான் உள்ள போய் உக்காந்திருக்கு. இப்ப வெளிய வருது. நீங்க சிமெண்டைக் குழைங்க, கொத்தனாரே."

இத்தனை நாள் அவர் நம்பவில்லை என்று நினைத்திருந்தாள். இப்போதுதான் தெரிந்தது, அவருக்கு நம்ப விருப்பமில்லை. கழுத்தில் தொங்கிய அளவு டேப்பை உருவிக்கொண்டு சந்துக் கதவைப் படாரென்று திறந்து வெளியே போனாள்.

*

சந்தில் தரை முழுக்கக் கான்கிரீட். அது ஆறு வருடத்துக்கு முன் மூத்தவர் போட்டது. அவருடைய அப்பாவுக்குக் கால் விழுந்துபோன பிறகு, சக்கர நாற்காலியில் அவரைத் தெருவுக்குக் கூட்டிப்போக வழி வேண்டியிருந்தது. சந்துக் கதவுக்கு உயரமான நிலைப்படி. உள்பக்கம் ஒரு பலகையைச் சாய்த்து வைத்து, வெளியே அந்த நிலைப்படி மட்டத்துக்குச் சந்தையே தூக்கிக் கான்கிரீட் போட்டார். கொத்தனார் கலவை போட, இவரே மட்டப்பலகை பிடித்து இழுத்தார். அது இறுகும்வரை பொறுக்காமல் அப்பா மறுநாளே வெளியே போக வேண்டும் என்று அடம் பிடித்ததால், கதவிலிருந்து தெருவரை இரண்டு சக்கரத் தடங்கள் பதிந்துபோயின. அப்பா ஒரு வருடம் அதில் போய் வந்தார். பிறகு போகவில்லை.

அன்றிலிருந்து ஒரு நாள் தவறாமல் காலையில் மூத்தவர் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி அந்தக் கான்கிரீட்டைக் கழுவுவார். தடங்களில் அழுக்கு சேரவிடாமல் துடைப்பத்தால் தேய்ப்பார். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. அவளும் பேசியதில்லை. அதனாலேயே அந்தப் பக்கம் சரியாகப் பார்த்ததும் இல்லை.

இப்போது பார்த்தாள்.

டேப்பை எடுத்து, ஜன்னலின் அடிக்கட்டையிலிருந்து கான்கிரீட் வரை அளந்தாள். இருபத்தேழு அங்குலம். உள்ளே ஓடி, அதே கட்டையிலிருந்து அறைத் தரை வரை அளந்தாள். முப்பத்தாறு. அப்படியானால் சந்து, அறைத் தரையைவிட ஒன்பது அங்குலம் உயரம். மறுபடி வெளியே வந்து தெரு முனைக்குப் போனாள். வீட்டின் தெருப்பக்கச் சுவரில், அறையின் தரைமட்டத்துக்கு மூன்று விரல் கீழே, கறுப்பாக ஒரு பலகைக்கல் வரிசை வீட்டைச் சுற்றி ஓடியது. கட்டியவர்கள் அறிவாளிகள். அந்தக் கல் தண்ணீரை உறிஞ்சாது. மண்ணிலிருந்து ஏறுகிற ஈரம் அதோடு நின்றுவிடும். தெருப்பக்கச் சுவர் இன்றும் காய்ந்திருப்பது அதனால்தான். சந்தின் முனையில் அந்தக் கல் வரிசை கான்கிரீட்டுக்குள் போய் மறைந்தது. அங்கே ஈரம் கல்லைத் தாண்டி, அதற்கு மேலிருந்த செங்கல்லை நேராகவே தொட்டது.

"கொத்தனாரே, இங்க வாங்க!"

அவள் கத்திய கத்தலில் எல்லோருமே வந்துவிட்டார்கள். சுவரோரம் கான்கிரீட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு விரல் நுழைகிற வெடிப்பு. மூத்தவரின் வாளி குழாயடியில் இருந்தது. அதை நிரப்பித் தூக்கிவந்து சந்தின் நடுவில் மொத்தமாகக் கவிழ்த்தாள்.

தண்ணீர் சாக்கடைப் பக்கம் போகவில்லை. சுவர்ப் பக்கம் நகர்ந்தது, வெடிப்பில் விழுந்தது. மெல்ல, குளுகுளுவென்று சத்தம் போட்டுக்கொண்டு. கொஞ்ச நேரத்தில் ஒரு வாளித் தண்ணீரும் காணாமல் போனது. சாக்கடை ஓரம் ஒரு சொட்டுகூட நனையவில்லை.

"தினம் ரெண்டு வாளி," என்றாள். "அஞ்சு வருஷமா தினம் ரெண்டு வாளி. மழைத் தண்ணி தனி. என் இஸ்திரிப்பெட்டி எவ்வளவு பிடிக்கும் தெரியுமா மாமா? ஒரு டம்ளர்."

மூத்தவர் காலடியில் தண்ணீர் போன வழியையே பார்த்தார். "சாய்வு..." என்றவர் கொத்தனாரைத் திரும்பிப் பார்த்தார்.

கொத்தனார் தலைப்பாகையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார். "நான் அன்னைக்கே சாக்கடைப் பக்கம் சாய்வு வைக்கணும்னு சொன்னேன். நீங்கதான், வண்டி அந்தப் பக்கம் உருண்டா அப்பா சாக்கடையில விழுந்துருவாரு, சுவர்ப் பக்கமா வைன்னு..."

"தெரிஞ்சுதான் நாலு வருஷமா கோட்டு அடிச்சீங்களா?" என்று அவள் அவர் மேல் பாய்ந்தாள்.

"அப்பாவுக்காகப் போட்டதை உடைங்கன்னு நான் எப்படிம்மா சொல்றது?"

"அதுக்காக என் தலையில உடைச்சீங்களா? ஒரு வார்த்தை சொல்ல வாய் வரல. 'இன்னொரு கோட்டு'ங்கிறதுக்கு மட்டும் வாய் வந்துச்சு."

"போதும் நிறுத்து," என்றார் மூத்தவர். அவர் முகம் சிவந்திருந்தது. "இப்ப என்ன செய்யணுங்கிற? இதை உடைக்கணும். அதானே? அப்பா போன தடத்தை உடைச்சுட்டு நீ உள்ள உக்காந்து பாவாடை தைக்கணும்."

"முழுசா உடைக்கச் சொல்லல. சுவரோரமா ஒரு சாண். கல்லு வெளிய தெரியிற ஆழத்துக்கு. அதுல கூழாங்கல்லு போட்டா தண்ணி கீழ இறங்கும், காத்தும் படும்."

அவர் குனிந்து சுவரிலிருந்து கைவிரலை விரித்து ஒரு சாண் வைத்தார். கட்டைவிரல் சுவரில், சுண்டுவிரல் சக்கரத் தடத்தைத் தாண்டி விழுந்தது. சுவர்ப் பக்கத் தடம் முழுவதும் அந்த ஒரு சாணுக்குள் இருந்தது.

அப்படியே குந்தியிருந்தார்.

"முடியாது," என்றார்.

அவளுக்கு அந்த நேரத்தில் இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மூன்று வருடப் பேச்சும், ஒன்றும் சொல்லாமல் கவுனை வாங்கிக்கொண்டு போன பெண்ணின் முதுகும்தான் வந்தன. "இந்த ரூம் அவரோட ரூம்னுதானே என்னைத் துரத்துறீங்க? அந்த ரூமை அழுக வச்சது யாரு? இன்னும் ரெண்டு வருஷம் ஊத்துங்க. சுவர் சரிஞ்சு விழும். அப்புறம் தடத்தை மட்டும் வச்சு என்ன செய்வீங்க?"

"ஏய்!" என்றான் கணவன்.

எல்லோரும் அவன் பக்கம் திரும்பினார்கள். அவனுக்கே அது எதிர்பாராத சத்தம். பிறகு அவளைப் பார்த்து இல்லை, அண்ணனைப் பார்த்துச் சொன்னான். "அவ சொல்றது சரிண்ணா. தண்ணி எங்க போச்சுன்னு நானும் பார்த்தேன்."

"நீயுமாடா?"

"நானும்தான். ரூம் அவகிட்டதான் இருக்கணும்."

மூத்தவர் எழுந்து உள்ளே போனார். போய்விட்டார் என்றுதான் நினைத்தார்கள். திரும்பி வந்தபோது கையில் கடப்பாரை இருந்தது. கொத்தனார் வாங்கக் கையை நீட்டினார்.

"யாரும் கை வைக்காதீங்க," என்றார். சட்டையைக் கழற்றி ஜன்னலில் போட்டார். தெருமுனையிலிருந்து ஆரம்பித்தார்.

ஒவ்வொரு குத்துக்கும் ஏதோ ஒன்றைத் திட்டினார்: கொத்தனாரை, சிமெண்டை, சாக்கடையை, தம்பியை, துணி தைக்கிறவளை. அப்பாவையும் ஒரு தடவை திட்டினார்: "ஒரு நாள் பொறுக்க முடிஞ்சுதா அந்த மனுஷனால? காயட்டும்னு சொன்னா கேட்டாரா?" சாயங்காலம் கதவுவரை ஒரு சாண் அகலத்துக்குப் பள்ளம் திறந்துவிட்டது. அடியில் கறுப்புப் பலகைக்கல் வரிசை, ஈரத்தில் மின்னிக்கொண்டு, ஓரிடத்திலும் உடையாமல் ஓடியது. அதற்கு மேலே கான்கிரீட் அணைத்துக்கொண்டிருந்த செங்கற்கள் விரலால் அழுத்தினால் குழைந்தன. மீதிக் கான்கிரீட்டில் ஒற்றைச் சக்கரத்தின் தடம் மட்டும் தெருவரை போனது.

அவர் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளும் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. தண்ணீர் கொடுத்தது ஓரகத்திதான்.

*

மறுநாள் அறைக்குள் சிமெண்டுப் பூச்சை மார்பளவுக்கு ஒரு முழம் மேலேவரை கொத்தி எடுத்தார்கள். கொத்தனார்தான் எடுத்தார், அவள் பக்கத்திலேயே நின்றாள். "சுண்ணாம்பு எப்பம்மா பூசலாம்?" என்று கேட்டார். அவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"காஞ்ச பிறகு."

"எப்பக் காயும்?"

சுவர் துணி இல்லை, மத்தியானத்துக்குள் காய. கனத்தில் ஓர் அங்குலம் காய ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். இந்தச் சுவர் பதினாலு அங்குலம். "வருஷத்துக்கு மேல ஆகும். அதுவரைக்கும் உங்க கோட்டு எதுவும் வேண்டாம்," என்றாள்.

அவள் ஈரம் முடிகிற இடத்தில் துணிக்குக் குறி போடுகிற சாக்கட்டியால் ஒரு கோடு போட்டாள். பக்கத்தில் தேதி. அளவு டேப் தரையிலிருந்து நாற்பத்தொன்பது அங்குலம் காட்டியது. மெஷினை எதிர்ச் சுவர் ஓரம் தள்ளிப் போட்டுத் தைக்கத் தொடங்கினாள். மாசக் கடைசி வந்தது, போனது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அவளும் பேசவில்லை, ஆனால் மறக்கவில்லை. மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை. அது அவளுக்குத் தெரிந்ததுதான். தெரிந்ததால் கோபம் குறையவில்லை.

ஆறு வாரம் கழித்து ஒரு நாள் காலை சந்துக் கதவுக்கு வெளியே கனைப்புச் சத்தம் கேட்டது. மூத்தவர் கையில் துடைப்பம் இருந்தது. வாளி இல்லை. இப்போதெல்லாம் மிச்சமிருந்த தடத்தை அவர் உலர்வாகத்தான் கூட்டினார். நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்து, சுவரைப் பார்த்தார். அவள் மெஷினை நிறுத்தவில்லை.

"ரெண்டு விரல் இறங்கியிருக்கு," என்றார்.

"ஒன்றரை."

"பார்த்தாலே தெரியுதே, ரெண்டு."

"டேப் இருக்கு. அளந்து பாருங்க."

அவர் மேசையிலிருந்து டேப்பை எடுத்தார். தரையில் ஒரு முனையை மிதித்துக்கொண்டு அளந்தார். உதடு அசைய எண்ணைப் படித்தார். எவ்வளவு என்று சொல்லவில்லை. டேப்பை ஒழுங்காகச் சுற்றி, எடுத்த இடத்திலேயே வைத்தார்.

"ஒன்றரைதானே?" என்றாள் அவள்.

"ம்."

அவ்வளவுதான் கிடைக்கும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தைத்துக்கொண்டிருந்த சட்டையை உருவி, மேசையில் விரித்து, இஸ்திரிப்பெட்டியின் பொத்தானை வேண்டிய அளவுக்கு மேலேயே அழுத்தினாள். புஸ்ஸென்று ஆவி கிளம்பி, அவர் முகத்துக்கு முன்னால் நேராக மேலே போனது. அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார்.